அலாய் ரிம்மில் கழற்றும்போது டயர் விளிம்பு கிழிவது ஏன்?

நண்பரே, புது டயர் மெஷினில் 15 இஞ்ச் அலாய் வீலைக் கழற்றும்போது லிவர் இறுகி டயர் விளிம்பு கிழிகிறது, ரிம்மிலும் கோடு விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மெஷின்மேல் குறை இருக்காது என்றுதான் தோன்றுகிறது.

லிவரைப் போட்டுத் தூக்கும்போது நேர் எதிர்ப்பக்கம் டயர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ரிம்முக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறதே, எதிர்ப்பக்க விளிம்பை அதற்குள் அமுக்கி இறக்கினால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். விளிம்புக்குள் இருப்பது நீளாத எஃகுக் கம்பி. வீல் பூட்டிய மேடையைச் சுற்றவைக்கும் பெடலை மிதித்து முரட்டுத்தனமாக இழுத்தால் கிழியாமல் என்ன செய்யும்? பள்ளம் எந்த முகத்துக்கு அருகில் இருக்கிறதோ, அந்த முகம் மேலே வர வேண்டும். பெரும்பாலும் அது வெளிமுகம்தான்.

கோடு விழுவது மெஷின் தலை உரசுவதால். ரிம்மிலிருந்து 2, 3 மில்லிமீட்டர் தள்ளிப் பூட்டுங்கள், பிளாஸ்டிக் உறையும் போடுங்கள். விளிம்பு வழுக்கி வர டயர் பேஸ்ட் தாராளமாகத் தடவலாம். கிரீஸ் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும்.

அப்புறம், டயரின் பக்கத்தை அமுக்கி ரிம்மிலிருந்து பிரிப்பதற்கு முன்பே வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். மேடை சுற்றும்போது விரல் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே போகவே கூடாது. இறுகினால் உடனே பெடலை விடுங்கள்.