137 வாக்குகளும் வராத வாக்காளர்களும்

கேள்வி: 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர்த் தொகுதியை அ.தி.மு.க. 137 வாக்குகளில் பறிகொடுத்தது. வாக்குச் சாவடிப் பக்கமே எட்டிப் பார்க்காத படித்த சென்னைவாசிகள்தானே இத்தகைய தோல்விகளுக்குப் பொறுப்பு? (வாசகர் ஒருவர், மயிலாப்பூர்)

பதில்: வராதவர்கள் அனைவரும் தோற்றவருக்கே வாக்களித்திருப்பார்கள் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? இன்னும் 138 பேர் வந்திருந்தால் அ.தி.மு.க.வின் சத்தியநாராயணன் கரையேறியிருக்கலாம், தி.மு.க.வின் ஜெ. கருணாநிதியுடைய வித்தியாசம் 275 ஆக உயர்ந்தும் இருக்கலாம். 2011இல் சுமார் 78 சதவிகிதம் பேர் வாக்களித்தபோது ஆட்சி மாறியது. 2016இல் சுமார் 74 சதவிகிதத்தில் அதே ஆட்சி நீடித்தது. 2021இல் ஏறத்தாழ 73 சதவிகிதத்தில் மறுபடியும் மாறியது. இதில் எந்தக் கணக்கை வைத்து வராதவர்மீது பழி போடுவது?

2021 தேர்தலில் சென்னை மாவட்டத்தில் பதிவானது சுமார் 59 சதவிகிதம் என்பது உண்மைதான். விடுமுறை கிடைத்ததும் மகாபலிபுரத்துக்கு வண்டியைத் திருப்புகிறவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் சதவிகிதம் என்றால் மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் உண்டு. கீழே இருக்கும் வாக்காளர் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. 2025 டிசம்பரில், தேர்தல் ஆணையம் பட்டியலைச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வெளியான வரைவுப் பட்டியலில், சுமார் 40 லட்சம் பெயர்கள் இருந்த சென்னை மாவட்டத்தில் 14 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று காரணம் சொன்னார்கள். (உயிரோடு இதே ஊரில் இருப்பவர்களையும் நீக்கிவிட்டார்கள் என்ற புகார் தனிக் கதை.) அதில் பாதியே சரி என்று வைத்துக்கொண்டாலும், சோம்பேறிச் சென்னை என்று நாம் ஏசிக்கொண்டிருந்த கூட்டத்தில் எத்தனை பேர் காலமாகிப் போன தாத்தாக்கள், எத்தனை பேர் வாடகை வீட்டைக் காலி செய்து போனவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சென்னைப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டே முதல் நாள் இரவு பேருந்தேறிச் சொந்த ஊரில் போய் விரலில் மை வைத்துக்கொண்டவரும் இங்கே 'வராதவர்' கணக்கில்தான் சேர்கிறார்.

தோற்ற கட்சிக்கு வாக்காளர் கடன்பட்டவர் அல்லர். ஆதரவாளரை வீட்டிலிருந்து வாக்குச் சாவடிக்கு அழைத்து வருவது கட்சியின் வேலை. பூத் கமிட்டி என்ற ஒன்றை அதற்காகவே அமைக்கிறார்கள். ஐந்தாண்டுகள் அதே தொகுதியின் உறுப்பினராக இருந்தவருக்கு இன்னும் 138 பேரைத் திரட்ட முடியவில்லை என்றால், முதலில் விசாரிக்க வேண்டியது அந்தக் கமிட்டியைத்தான். தியாகராய நகரின் அடுக்ககம் ஒன்றில், நான்கு மாடிக்கும் உரிய துண்டறிக்கைகளைக் கட்டாகக் காவலாளியின் மேசையில் வைத்துவிட்டு, லிஃப்டில்கூட ஏறாமல் திரும்பிய தொண்டர்களை நானே பார்த்திருக்கிறேன். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், எல்லாக் கட்சியும்தான்.