அரோராவுக்கு என்ன நிறம்?

அன்புள்ள ஐயா,

அப்பாவின் அலமாரியில் ரஷ்யப் போர்க்கப்பல் ‘அரோரா’வின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று பிரிக்கப்படாமல் கிடைத்தது. 1:400 அளவு. பெட்டிப் படத்தில் கப்பல் சாம்பல் நிறம். எனக்கு வேண்டியது 1905இல் ஜப்பானோடு நடந்த சுஷிமா கடற்போரில் இருந்த அரோரா. அப்போது கறுப்பு என்கிறார்கள். நிறத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

ர.

அன்புள்ள ர.,

போதாது. முதலில் பெட்டியைத் திறந்து பெரிய பீரங்கிகளை எண்ணுங்கள். 1905இல் சுஷிமாவுக்குப் போன அரோராவில் 152 மி.மீ. பீரங்கிகள் எட்டுதான். முதல் உலகப்போரின்போது அது பதினான்கானது. இன்று பீட்டர்ஸ்பர்கில் அருங்காட்சியகமாக நிற்கும் கப்பலிலும் பதினான்கு. உங்கள் கிட்டிலும் பதினான்கு இருந்தால் அது 1905இன் கப்பல் அல்ல. கறுப்பு அடித்தாலும் ஆகாது.

சரி, ஆறை எடுத்துவிடலாம். ஆனால் அன்று 75 மி.மீ. பீரங்கிகள் இருபத்துநான்கு இருந்தன. குறைகிறவற்றை நீங்களே செய்ய வேண்டும். இன்சுலின் ஊசியை வெட்டிப் பாருங்கள், இந்த அளவுக்குக் குழல் கச்சிதமாக இருக்கும். கொடிமரக் கயிறுகளுக்கு, பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தையே மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி இளகியதும் மெல்ல இழுங்கள். தலைமுடி போல நூல் வரும்.

1917 ரஷ்யப் புரட்சியில் சுட்ட வெற்று வேட்டுக்காகத்தான் எல்லோரும் அரோராவை நினைக்கிறார்கள். நீங்கள் 1905ஐக் கேட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. சுஷிமாவில் அதன் கேப்டன் யெகோரியெவ் குண்டுச்சிதறல் பட்டு இறந்தார். கருகிய தளப்பலகையிலும் துளைபட்ட கவசத்தகட்டிலும் சட்டம் செய்து அவர் படத்தைக் கப்பலிலேயே மாட்டினார்கள். தப்பிய அரோரா, ‘ஒலெக்’, ‘ஷெம்சுக்’ ஆகிய இரண்டு ரஷ்யக் கப்பல்களோடும் மணிலாவை அடைந்தது. அந்த ஷெம்சுக்கைத்தான் 1914 அக்டோபரில் பினாங்கில் எம்டன் மூழ்கடித்தது, சென்னையைச் சுட்ட அடுத்த மாதமே. அதையும் ஒருநாள் நீங்கள் கட்ட வேண்டும்.

நிறத்துக்கு வருகிறேன். உடலும் மேற்கட்டுமானமும் கறுப்பு. மூன்று புகைபோக்கிகளும் மஞ்சள், உச்சியில் மட்டும் கறுப்புப் பட்டை. மஞ்சள் எதன்மேலும் எளிதில் மூடாது. அதனால் புகைபோக்கிகளைத் தனியாக வைத்துக்கொண்டு முதலில் வெள்ளை அடியுங்கள். அதன்மேல் மஞ்சளை மெல்லிசாக மூன்று முறை பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பட்டையை அப்புறம் போடலாம்.