எழுதும்போது இணையத்தைத் தடுக்கும் மென்பொருள் உண்மையில் உதவுமா? எதைப் போடலாம், எப்படி அமைப்பது?

உதவும். ஆனால் பெயரைக் கேட்டு, நிறுவி, நாலு தளத்தைச் சேர்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால் உதவாது. கேள்வி கேட்ட தொனியைப் பார்த்தால், ஏற்கெனவே ஒன்றைப் போட்டு, இரண்டு நாளில் நீங்களே அணைத்துவிட்டு, இதெல்லாம் வேலைக்கு ஆகாது என்ற முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட மாதிரி தெரிகிறது. அப்படியென்றால் தப்பு மென்பொருளில் இருக்காது, அமைப்பில் இருக்கும்.

மன உறுதி இருந்தால் மென்பொருள் எதற்கு என்று கருத்துப் பகுதியில் கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்த உறுதி உள்ளவர்கள் இந்தக் கேள்விக்கே வரமாட்டார்கள். இது கேட்டவருக்கான பதில்.

முதலில் ஒரு தாளில், தடுப்பு இருக்கும்போது நீங்கள் எந்த வழியாகத் தப்பிப்பீர்கள் என்று எழுதுங்கள். நீட்சியை (உலாவியோடு சேர்க்கும் குட்டி நிரல்) முடக்குவது, வேறு உலாவியைத் திறப்பது, மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ), கணினியை மறுதொடக்கம் செய்வது, போன். இவற்றில் எது உங்கள் வழக்கம் என்று தெரிந்தால் எந்த மட்டத்தில் தடுக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். சும்மா கை போய் முகவரிப் பட்டையில் இரண்டு எழுத்தைத் தட்டிவிடுகிறது, உலாவியே மீதியை நிரப்பிவிடுகிறது என்கிற ரகம் என்றால் உலாவி நீட்சியே போதும். யோசித்து, திட்டம் போட்டுத் தப்பிக்கிற ரகம் என்றால் நீட்சியால் பயனில்லை.

நீட்சிகளில் லீச்பிளாக் நல்லது. இலவசம், திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம்), ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றிலும் உண்டு. நிறுவியதும் தளங்களின் பட்டியலைப் போட்டு நிறுத்திவிடாதீர்கள். அதன் உண்மையான பலம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

ஒன்று, தலைகீழ்த் தடுப்பு. பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போட்டால் எல்லாத் தளமும் மூடப்படும். அதன் கீழே கூட்டல் குறியோடு எழுதும் தளங்கள் மட்டும் திறந்திருக்கும். எழுதும் நேரத்துக்கு இதுதான் சரி. கெட்ட தளங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்தால், பட்டியலில் இல்லாத ஒரு செய்தித் தளத்தை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அகராதி, உங்கள் ஆவணத் தளம், இந்த இரண்டைத் தவிர வேறெதையும் கூட்டல் குறியோடு சேர்க்காதீர்கள். தேடுபொறியைச் சேர்த்தால் ஓட்டை அங்கேயே விழுந்துவிடும்.

இரண்டு, தாமதப் பக்கம். தளத்தை அடியோடு மூடாமல், திறப்பதற்கு முன் 60 வினாடி எண்ண வைக்கலாம். வேறு டேப்புக்கு நகர்ந்தால் எண்ணிக்கை ரத்தாகும்படியும் அமைக்கலாம். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அனிச்சையாகத் திறக்கிற பழக்கத்துக்கு முழுத் தடையைவிட இது நன்றாக வேலை செய்கிறது. காரணம், முழுத் தடை வந்தால் அதை உடைக்கத் தோன்றும். எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது, எதற்காகத் திறந்தோம் என்பதே பாதி நேரம் மறந்துவிடும்.

மூன்று, தடுப்பு நடக்கும் நேரத்தில் அமைப்புகளையே திறக்க முடியாதபடி பூட்டும் தேர்வு. இதை இயக்காவிட்டால் மற்ற இரண்டும் வீண். நேரத்தை 0600-0900 என்ற வடிவில் கொடுக்க வேண்டும், இடையில் முற்றுப்புள்ளி வேண்டாம்.

இதிலும் இரண்டு பொத்துகள் உண்டு. மறைநிலைச் சாளரத்தில் நீட்சி தானாக இயங்காது; உலாவியின் நீட்சிகள் பக்கத்தில் போய் அனுமதி தர வேண்டும். அடுத்தது, இன்னொரு உலாவி. கணினியோடு வந்த உலாவியை நீக்க முடியாவிட்டால் அதிலும் அதே நீட்சியைப் போடுங்கள். பெயரைச் சரியாகப் பார்த்து நிறுவுங்கள். இந்த வகை நீட்சிகள் பெரும்பாலும் ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்க, மாற்ற’ அனுமதி கேட்கும். அவ்வளவு பெரிய அனுமதியை ஊர் பேர் தெரியாத நீட்சிக்குக் கொடுக்கக் கூடாது.

இதையும் மீறுகிறவர் என்றால் இயங்குதள மட்டத்துக்குப் போக வேண்டும். மேக்கில் செல்ஃப்கன்ட்ரோல் இருக்கிறது, இலவசம். தளங்களைச் சேர்த்து, நேரத்தை நகர்த்தி, கணினியின் கடவுச்சொல்லைக் கொடுத்துத் தொடங்கினால் முடிந்தது. அதன்பின் மென்பொருளை நீக்கினாலும் கணினியை மறுதொடக்கம் செய்தாலும் நேரம் முடியும்வரை தடுப்பு போகாது. அதனால் முதல்முறை 15 நிமிடம் வைத்துப் பாருங்கள். நேரப் பட்டையை அவசரத்தில் தள்ளி நாள் முழுக்கப் பூட்டிக்கொண்டு, கழற்றும் வழி தேடி அலைகிறவர்கள் ஏராளம். இன்னொரு சிக்கல், இது ஐபி முகவரி (தளம் இருக்கும் சேவையகத்தின் எண்) அளவிலும் தடுக்கிறது. பெரிய நிறுவனங்களின் சேவைகள் முகவரிகளைப் பகிர்ந்துகொள்வதால், கூகுளின் ஒரு சேவையைத் தடுத்தால் மின்னஞ்சலோ, ஆவணம் எழுதும் டாக்ஸோ சேர்ந்து படுக்கலாம். மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது வேலை செய்யும் விதமே அப்படி.

விண்டோஸுக்கு கோல்ட் டர்க்கி. மேக்கிலும் ஓடும். இலவசப் பதிப்பில் தளங்களைத் தடுக்கலாம். கால அட்டவணையும் செயலிகளைத் தடுப்பதும் கட்டணப் பதிப்பில். கட்டணம் ஒரே முறைதான், மாதாமாதம் இல்லை, அதற்காகவே ஒரு கும்பிடு. உலாவியில் அதன் நீட்சியை முடக்கினால் அந்த உலாவியையே மூடிவிடும் என்பதால் மேலே சொன்ன பொத்துகள் இதில் கிடையாது. பூட்டு வகைகளில், தாறுமாறான நீண்ட எழுத்துச் சரத்தைத் தட்டச்சிட்டால்தான் திறக்கும் என்கிற வகையைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் வகை வேண்டாம், அது உங்களுக்கே தெரியுமே.

கோல்ட் டர்க்கியைத் தயாரித்தவரின் ரைட்டர் என்ற தனிச் செயலியும் இருக்கிறது. குறித்த நேரமோ சொற்களோ முடியும்வரை திரை முழுக்க ஒரு வெற்றுத் தாள் மட்டும்தான். தமிழில் எழுதுகிறவர்கள் இதில் சொல் கணக்கை வைக்காதீர்கள், நேரத்தை வையுங்கள். சொற்களை இடைவெளியை வைத்து எண்ணுகிறது. ‘போய்க்கொண்டிருந்தவனிடமிருந்து’ என்பது அதற்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் வைக்கும் இலக்கை அப்படியே வைத்தால் கூடுதலாக உழைப்பீர்கள், அல்லது வேண்டுமென்றே சொற்களைப் பிரித்து எழுத ஆரம்பித்துவிடுவீர்கள்.

கணினி, போன் இரண்டையும் ஒரே நேரத்தில் பூட்ட வேண்டும் என்றால் ஃப்ரீடம். 2008-இல் மேக்குக்காக வந்தபோது இணையத்தையே ஒட்டுமொத்தமாக அணைக்கும் சின்ன நிரலாக இருந்தது; இப்போது சந்தா. அதில் பூட்டிய நிலை என்ற தேர்வை இயக்காமல் பயன்படுத்துகிறவர்கள், ஓர் அமர்வை இரண்டு சொடுக்கில் முடித்துவிட்டு, காசு வீண் என்று எழுதுகிறார்கள்.

எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பு, அதாவது எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கணினி பார்க்கும் பட்டியல். விண்டோஸில் சிஸ்டம்32 கோப்புறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி, அங்கே இருக்கிறது. நோட்பேடை நிர்வாகியாகத் திறந்து, கடைசியில் 0.0.0.0 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, தளத்தின் பெயர். ஒரு வரிக்கு ஒரு பெயர். முன்னால் மூன்று டபிள்யூ வருவது தனி வரி, மொபைல் முகவரி இருந்தால் அதுவும் தனி வரி; நட்சத்திரக் குறி இங்கே செல்லாது. பெரும்பாலோர் வழுக்கி விழுவது சேமிக்கும்போது. நோட்பேட் வாலில் ‘டிஎக்ஸ்டி’ என்று சேர்த்துவிடும், கோப்பு இருக்கும், வேலை செய்யாது. சேமிக்கும் சாளரத்தில் எல்லாக் கோப்பு வகைகளும் என்று மாற்றிவிட்டுச் சேமியுங்கள். அப்படியும் தளம் திறந்தால் பதற வேண்டாம். ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பை உலாவி பிடித்து வைத்திருக்கும். உலாவியை முழுவதும் மூடி, டிஎன்எஸ் தற்காலிக நினைவகத்தையும் (தளப் பெயர்களின் முகவரிகளைக் கணினி நினைவில் வைத்திருக்கும் இடம்) துடைத்துவிட்டுத் திறந்தால் சரியாகும்.

ரவுட்டரில் தடுக்கலாமே என்று ஒரு கேள்வி வரும். தடுக்கலாம். ஆனால் உலாவி பாதுகாப்பான டிஎன்எஸ் (தளத்தின் முகவரியை மறைகுறியாக்கித் தேடும் முறை) பயன்படுத்தினால் ரவுட்டரின் டிஎன்எஸ் தடையைச் சுற்றிக்கொண்டு போய்விடும், விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் மென்பொருள்) போட்டாலும் அப்படியே. கருவி வாரியாக நேரம் வைத்தால், போன்கள் இப்போது தனியுரிமைக்காக வைஃபைக்கு மாற்று முகவரியைக் காட்டுவதால் ரவுட்டருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகலாம். அந்த வைஃபைக்கு மட்டும் தனியுரிமை முகவரியை அணைக்க வேண்டும். போன் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ரவுட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் மற்றவர்களின் திட்டும் சேர்ந்து வரும். என் கணக்கில் இது லாபமில்லாத வேலை.

உண்மையான கொல்லைப்புறக் கதவு போன்தான். கணினியை எவ்வளவு இறுக்கினாலும் போன் மேஜை மேல் இருந்தால் அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். ஆண்ட்ராய்டோடு வரும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் உள்ள ஃபோகஸ் மோட், செயலிகளை மட்டும்தான் நிறுத்தும். அதே தளம் உலாவியில் திறக்கும், ஆகவே உலாவியையும் பட்டியலில் சேருங்கள். அதிலேயே 5, 15, 30 நிமிட இடைவேளைப் பொத்தான் வேறு இருக்கிறது, யார் யோசனையோ. ஐபோனில் நேர வரம்பு வைக்கும் ஸ்க்ரீன் டைம், கடவு எண் இல்லாமல் வெறும் அலங்காரம். வரம்பைப் புறக்கணி என்று ஓரிரு தொடுகையில் போய்விடலாம். கடவு எண்ணை வீட்டில் இன்னொருவரைப் போடச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டுக்கான தனித் தடுப்புச் செயலிகள் பலவும் போனின் விபிஎன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவை. ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும் என்பதால், அலுவலக விபிஎன்னைப் போட்டதும் தடுப்பு சத்தமில்லாமல் செத்துவிடும். பேட்டரிச் சேமிப்பும் அவற்றைப் பின்னணியில் கொன்றுவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். இவ்வளவு மெனக்கெடுவதற்கு, போனை அணைத்து அடுத்த அறையில் வைப்பது சுலபம். கணினிக்கு நெட் வருவதே போனின் ஹாட்ஸ்பாட்டிலிருந்துதான் என்றால் இன்னும் நல்லது: விமானப் பயன்முறை ஒன்றே இரண்டையும் அடைத்துவிடும்.

இனி, இணையத்தை வெட்டியதும் எழுத்து வேலையில் என்னென்ன நின்றுபோகும் என்பது. இதை யாரும் சொல்வதில்லை, முதல் நாளே தடுப்பைக் கழற்ற வைப்பதும் இதுதான். தமிழைத் தட்டச்சிட இணையத்தில் இருக்கும் ஒலிபெயர்ப்புப் பக்கத்தை நம்பியிருந்தால், வெட்டிய நொடியில் எழுதவே முடியாது. விண்டோஸ் 10, 11-லும் மேக்கிலும் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தில் அடித்தே பழகியவர்களுக்கு அஞ்சல் அரை நாளில் கைவரும். டாக்ஸில் குரலால் எழுதுகிறவர்களுக்கு இணையம் கட்டாயம், அவர்கள் தலைகீழ்த் தடுப்புக்குத்தான் போக வேண்டும். தட்டச்சுதான், ஆனால் டாக்ஸில் என்றால் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி, அந்தக் கோப்பையும் ஆஃப்லைனில் கிடைக்கும்படி குறித்துவையுங்கள்.

எழுதும் நடுவில் ஒரு தேதியோ பெயரோ தெரியவில்லை என்றால் ## என்று போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். தடுப்பு முடிந்ததும் கன்ட்ரோல் எஃப் போட்டு ஒவ்வொன்றாக நிரப்பலாம். தேட வேண்டியிருந்தது என்ற சாக்கில்தான் பாதித் தடுப்புகள் கழற்றப்படுகின்றன. அந்த ஒரு தேதியைப் பார்க்கப் போனவர் தேதியோடு திரும்புவதில்லை.

சம்பந்தமில்லாத ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கவனம் சிதறக் கூடாது என்று விற்கப்படும் செயலிகளே இப்போது ‘ஏழு நாள் தொடர் சாதனை’, ‘இந்த வார அறிக்கை தயார்’ என்று மணி அடிக்கின்றன. வெறும் எழுத்துத் திருத்தி ஒன்றைத் திறந்தால்கூட முதலில் உள்நுழை என்கிறது, பிறகு உங்களுக்காக நானே எழுதட்டுமா என்கிறது. நிறுவியதும் முதல் வேலையாக அந்தச் செயலியின் அறிவிப்புகளை அணையுங்கள்.

நேரம் எவ்வளவு என்று கேட்டால், முதல் வாரம் 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு அமர்வுகளுக்கு நடுவில் 15 நிமிடம் திறந்துவிடுங்கள். முதல் நாளே நாலு மணி நேரம் பூட்டினால் தப்பிக்கும் வித்தையைத்தான் கற்றுக்கொள்வீர்கள். கையால் தொடங்குவதைவிடக் கால அட்டவணையில் போடுவது மேல், ஏனென்றால் தொடங்கும் முன் ஒரே ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்பதில்தான் காலை போகிறது. வேலை நிமித்தம் செய்திகளுக்கு உடனே பதில் தர வேண்டியவர் என்றால் அட்டவணையை அந்த நேரத்துக்கு முன்பே முடியும்படி வையுங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் எஸ்எம்எஸ்ஸில் வந்தால், போனை அணைக்காமலும் விமானப் பயன்முறையில் போடாமலும் இருக்கும்வரை தடுப்பு அதைத் தொடாது, மின்னஞ்சலில் வருவதாக இருந்தால் அந்த வேலையை அமர்வுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.