முதுகு வலியும் பந்து வைக்கும் இடமும்

கேள்வி: எனக்கு வயது 58, சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறேன். வார இறுதியில் கோல்ஃப் பயிற்சித் திடலுக்குப் போய் 100 பந்தாவது அடிப்பேன். வலது கை ஆட்டம். 3 மாதமாக அடி முதுகில் வலப்பக்கம் வலி. எல்லா மட்டைக்கும் பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்து, காலை நன்றாக அகட்டி நிற்பேன். ஆட்டத்தையே விட வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் நிற்கும் விதத்தை மாற்றியே ஆக வேண்டும்.

இடது குதிகாலுக்கு நேர் என்பது வெகுதூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவருக்குத்தான் பொருந்தும். டீ என்னும் சிறு குச்சி மேல் இருக்கும் பந்தை மட்டை மேலேறும்போது தொட வேண்டும், அதனால் அந்த இடம். தரையில் கிடக்கும் பந்தை அயர்ன் (தட்டையான உலோகத் தலை மட்டை) இறங்கும் போக்கில் தொட வேண்டும். 7-ஆம் எண் அயர்னுக்குக் கால்களின் நடுவிலிருந்து ஒரு பந்து அகலம் இடப்பக்கம், குறைந்த தூரத்துக்குப் பந்தை உயரத் தூக்கும் வெட்ஜுக்குக் கிட்டத்தட்ட நடுவிலேயே வையுங்கள். இதைவிட முன்னே, அதாவது இடப்பக்கம், இருந்தால் உடம்பு பந்தை எட்டப் பார்க்கும். இடுப்பு முன்னே நழுவும், மேலுடம்பு வலப்பக்கம் சாயும். அந்தச் சாய்வோடு திருகலும் சேரும்போது நசுங்குவது வலப்பக்க அடி முதுகின் சிறு மூட்டுகள்தான். உங்களுக்கு வலிக்கும் இடமும் அதுவே.

அடுத்தது கால் அகலம். அடி முதுகின் 5 எலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கம் 10 பாகை அளவுதான் திரும்பும். மீதித் திருப்பத்தை இடுப்பு மூட்டும் மேல் முதுகும் தர வேண்டும். காலை மிகவும் அகட்டினால் இடுப்பு பூட்டிக்கொண்டு, பாரமெல்லாம் முதுகுக்கு வந்துவிடும். அயர்னுக்குத் தோள் அகலம் போதும், டிரைவருக்குச் சற்றுக் கூட, வெட்ஜுக்குக் குறைவு. இடது பாதத்தை 20 பாகை வெளியே திருப்பி வைத்தால் இடுப்பும் முழங்காலும் சுலபமாகச் சுழலும்.

பந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். வீட்டில் ஒரு துடைப்பக் கம்பை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள். பின்தலை, மேல் முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பில் படட்டும். முட்டியை லேசாகத் தளர்த்தி, அந்த மூன்றும் கம்பை விட்டு விலகாமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். பலருக்கு இங்கே வால் எலும்பு கம்பை விட்டு விலகும். முதுகு கூன்போடுகிறது என்று அர்த்தம். சரியாக வந்ததும் கம்பை வைத்துவிட்டுக் கைகளைத் தொங்க விடுங்கள். அவை தொங்கும் இடத்திலேயே மட்டையைப் பிடியுங்கள். மட்டைத் தலை தரையில் படும் இடம்தான் பந்தின் இடம். உடல் எடை பாதத்தின் நடுவில் இருக்க வேண்டும், விரல் நுனியில் அல்ல. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் தரை ஓட்டுக் கோடு இதற்கு நல்ல துணை: ஒரு கோட்டில் இரு பெருவிரல்களையும் வைத்துப் பழகுங்கள்.

2 வாரம் டிரைவர் வேண்டாம். வெட்ஜில் தொடங்கி 30 பந்தோடு நிறுத்துங்கள். அப்புறம், 3 மாத வலி என்பதால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒருமுறை காட்டிவிடுங்கள்; தேவைப்பட்டால் இயன்முறை சிகிச்சைக்கு அனுப்புவார்கள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, இரவில் தூங்கவிடாமல் செய்தாலோ, காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். கால் பலம் குறைந்தால், தொடை இடுக்கில் மரத்தால், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.