ஸ்டீராய்டு என் பிள்ளைக்குக் கேட்குமா?

சிறுநீரில் புரதம் அதிகமாகப் போய் உடம்பு வீங்கும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் வந்த பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவற்றுக்கு, மதுரையில் குழந்தைகள் சிறுநீரக மருத்துவம் பார்க்கும் டாக்டர் ஒருவர் தரும் பதில்கள்.

மேலூரிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு நாலு வயது டாக்டர். முகம், கால் எல்லாம் வீங்கி, யூரினில் புரதம் போகிறது என்று பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது. கேட்குமா கேட்காதா என்று இப்போதே சொல்ல முடியாதா?

உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை அம்மா. ஆனால் ஓரளவு கணிக்கலாம். வயது ஒன்றிலிருந்து பத்துக்குள், ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) சரியாக உள்ளன, சிறுநீர் சிவப்பாகப் போகவில்லை என்றால் நம்பிக்கையோடு இருக்கலாம். மொத்தத்தில் 100 பிள்ளைகளில் 80 முதல் 90 பேருக்கு ஸ்டீராய்டு கேட்கிறது, பலருக்கு இரண்டு வாரத்துக்குள்ளேயே. ஐந்து நாளில் தளர்ந்துவிடாதீர்கள்.

நான் மிகவும் நம்புவது காலையில் போகும் முதல் சிறுநீரைத்தான். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்டிரிப்பில் தொடர்ந்து 3 நாள் புரதம் இல்லை, அல்லது வெறும் ட்ரேஸ் (மிக லேசான அளவு) என்று வந்தால் மருந்து கேட்டுவிட்டது. வீக்கம் வடிந்ததை வைத்து முடிவுக்கு வராதீர்கள்; நீர் பிரிய வைக்கும் மாத்திரையாலும் அது வடியும். தினமும் ஒரு நோட்டில் எழுதி, வரும்போது கொண்டு வாருங்கள். எனக்கு அந்த நோட்டு ரொம்ப முக்கியம்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு அப்பா: ஆறு வாரம் தினமும் ஸ்டீராய்டு கொடுத்தும் ஸ்டிரிப்பில் புரதம் 3 பிளஸ், நிறையப் போகிறது சார். நான் மாமன் மகளைக் கட்டியவன். அதனாலா?

ஆறு வாரமும் கேட்கவில்லை என்றால் பயாப்சியும் (சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது) மரபணுப் பரிசோதனையும் தேவை. என்பிஎச்எஸ்2 போன்ற மரபணுவில் பழுது இருந்தால் ஸ்டீராய்டு பெரும்பாலும் கேட்காது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பழுது வந்தால்தான் பிள்ளைக்கு நோய்; சொந்தத்தில் கட்டும்போது அதற்கு வாய்ப்பு கூடுகிறது. அதற்காக வீட்டில் யாரையும் குறை சொல்லாதீர்கள் தம்பி, வேறு காரணமாகவும் இருக்கலாம். மரபணு சரியாக இருந்தால் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் என்ற வேறு மருந்துகள் பல பிள்ளைகளுக்குக் கைகொடுக்கின்றன. பழுது என்று தெரிந்தால், பலன் தராத ஸ்டீராய்டிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றலாம்.

திருமங்கலத்திலிருந்து ஒரு பாட்டி: பேத்திக்குப் பத்தே நாளில் சரியாகிவிட்டது. முகம்தான் உப்பிப்போச்சு. மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடவே கூடாது பாட்டி. முதல் முறை என்றால் 6 வாரம் தினமும், அப்புறம் 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதுதான் இங்கே வழக்கமான கணக்கு. திடீரென நிறுத்தினால் உடம்பு தாங்காது. முகம் பிறகு பழையபடி ஆகிவிடும். இந்த மாத்திரை நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால், பக்கத்து வீட்டில் யாருக்காவது சின்னம்மை போட்டால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.