புதிய கிராஃபிக் நாவலோடு ஊர் ஊராகப் போகிறவரின் நாட்கள் எப்படி இருக்கும்?

படமும் வசனமுமாகக் கதை சொல்லும் கிராஃபிக் நாவலை வருடக்கணக்கில் அறைக்குள் தனியாக உட்கார்ந்து வரைகிறவர், புத்தகம் வந்ததும் திடீரென்று மேடையேறிப் பேசி, வரிசையில் நிற்பவர்களுக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறதே, அந்த வாழ்க்கை எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். என் மூன்றாவது புத்தகத்துக்காக ஏழு வாரம் சுற்றிவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

புத்தகம் கடைக்கு வரும்போது எனக்கு அது பழைய கதை. வண்ணப் பக்கங்களை அச்சுக்குக் கொடுத்துப் பல மாதம் ஆகியிருக்கும், மனசு அடுத்த கதைக்குப் போயிருக்கும். எதிரே நிற்கும் வாசகர் நேற்று ராத்திரிதான் படித்து முடித்திருப்பார். "கிணறு வருகிற பக்கத்தில் ஏன் ஒரு வசனம்கூட இல்லை?" என்று கேட்பார். உடனே பதில் வராது. அவர் கையிலிருக்கும் பிரதியை வாங்கி, அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால்தான் அதை வரைந்த நாள் நினைவுக்கு வரும். அப்புறம் பேசுவேன். அந்த இடைவெளியை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

மேடை வாசிப்பு எங்களுக்குத் தனிச் சிக்கல். நாவல் எழுதுகிறவர் நாலு பக்கம் வாசித்தால் போதும். நாங்கள் படத்தைத் திரையில் போட்டுக்கொண்டு வசனத்தை வாசிக்க வேண்டும். முழுப் பக்கத்தையும் ஒரே ஸ்லைடில் காட்டினால், நான் முதல் படக்கட்டத்தில் இருக்கும்போதே கூட்டத்தின் கண் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடும். முதல் புத்தகத்தின்போது அப்படித்தான் செய்தேன், கதையின் திருப்பம் வீணாய்ப் போனது. இப்போது ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக வெட்டி, பேச்சுக் குமிழுக்குள் இருக்கும் எழுத்தை அழித்துவிட்டுப் போடுகிறேன். குமிழ் காலியாக இருந்தால் ஆட்கள் குரலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால் இப்படி வெட்டும்போது பக்கத்தின் அமைப்பு போய்விடுகிறது. எந்தக் கட்டம் பெரிது, எது சின்னது, எங்கே வெள்ளை விட்டிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதானே கதை சொல்கிறது? அதனால் வாசித்து முடித்ததும் அதே பக்கத்தை முழுசாகப் போட்டு, பத்து வினாடி ஒன்றும் பேசாமல் நிற்பேன். ஒரு நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

அடுத்தது கையெழுத்து. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் காமிக்ஸ் விழாக்களில் கையெழுத்தோடு ஒரு படமும் வரைந்து கொடுப்பது வெகுகாலப் பழக்கம். பிரான்சின் அங்குலேம் நகரில் 1974இல் தொடங்கிய காமிக்ஸ் விழாவில் அதற்காகவே மணிக்கணக்கில் வரிசை நிற்கும். அந்தப் பழக்கம் இன்று எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மணி நேரத்தில் நாற்பது பேருக்குத்தான் வரைய முடியும். நாற்பத்தோராவது ஆளை வெறுங்கையெழுத்தோடு அனுப்ப மனசு வராது. அதனால்தான் மணிக்கட்டு போகிறது. நாலாவது வாரம் கட்டைவிரல் அடியில் ஒரு வலி வந்தது. இனி ஒரு நிகழ்ச்சிக்கு இத்தனை படம்தான் என்று முன்பே சொல்லிவிடுங்கள் என அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் வலி வரும்வரை காத்திருக்காமல் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கைதான் அடுத்த புத்தகத்தையும் வரைய வேண்டும்.

பேனாவும் முக்கியம். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் மை சீக்கிரம் காயாது, மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிடும். சொரசொரப்பான தாளில் ஆல்கஹால் மார்க்கர் பின்பக்கம்வரை ஊறிவிடும். அதனால் புத்தகத்தின் தாள் முடிவானதுமே நாலைந்து பேனாவை அதில் சோதித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வேன். வரைந்த பக்கத்தின் மேல் வைக்க ஒற்றுத்தாளும் ஒரு கட்டு கொண்டுபோவேன். விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது மைப்பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். மையை முழுக்க நிரப்பி, நிப்பு மேலே இருக்கும்படி சட்டைப் பையில் செருகிக்கொண்டால் பெரும்பாலும் கசியாது.

ஒரே ஒரு அசல் பக்கத்தையும் கூடவே எடுத்துப்போகிறேன், கைப்பையில்தான், ஒருபோதும் சரக்குப் பெட்டியில் போடுவதில்லை. அச்சில் வருவதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்தது. வெளிர்நீலப் பென்சில் கோடுகள் அதில் அப்படியே இருக்கும். அந்தக் காலத்து அச்சுக் கேமராவின் ஃபிலிமில் வெளிர்நீலம் பதியாது என்பதால் வந்த பழக்கம் அது, இன்று ஸ்கேன் செய்த பிறகும் எளிதாக நீக்கிவிடலாம். தப்பாகப் போன கோட்டின் மேல் வெள்ளை மை மேடாகக் காய்ந்திருக்கும். குழந்தைகள் அந்த மேட்டைத்தான் முதலில் விரலால் தடவுவார்கள், நானும் தடுப்பதில்லை. நான்கு வருட வேலை ஒரு மணி நேரத்தில் படித்து முடிந்துவிடுகிறதே என்ற என் பழைய வருத்தம், அந்த விரல்களைப் பார்க்கும்போது குறைகிறது.

பயணம், அறை, சாப்பாடு எல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான். ரயிலில் புதுக் கதை வரையலாம் என்று நினைத்துக் கொண்டுபோன நோட்டில் பதினொரு பக்கம்தான் நிரம்பியது.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். என் கதையின் நாயகி ஒரு சின்னப் பெண், இடது புருவத்தில் தழும்பு உள்ளவள். அவள் முகத்தை நூற்றுக்கணக்கான முறை வரைந்தாகிவிட்டது. கை தானாகவே போகும், மூக்கு, முடி, வாய், கடைசியில் கண். ஐந்தாவது வாரம், பத்து வயது இருக்கும் ஒரு பையன், படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை நடுவில் திறந்தான். ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்து, "தழும்பு இந்தப் பக்கம்தானே?" என்றான். நான் வலது புருவத்தில் போட்டிருந்தேன். மையை அழிக்க முடியாது. அவன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, அவளைச் சுற்றி முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டம் ஒன்றை வரைந்து, ஓரத்தில் அவள் பின்தலையையும் போட்டேன். அவன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் காட்ட ஓடினான்.

அன்று ராத்திரி போனில் இருந்த படங்களைப் பார்த்தேன். அதற்கு முந்தைய இரண்டு ஊர்களிலும் தப்பாகத்தான் வரைந்திருக்கிறேன். அதன்பிறகு என் புத்தகத்தையே பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் வரைந்தேன். அந்த ஊர்களில் என்னிடம் படம் வாங்கிய யாராவது இதைப் படித்தால், தழும்பு இடது புருவத்தில்தான். அடுத்த முறை பார்க்கும்போது புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், கண்ணாடி வரைந்து தருகிறேன்.