வீட்டுக்காரர் விரட்டுகிறார், சங்கம் தொடங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை குறைந்தபோது பாலியல் தொழிலுக்கு வந்தேன். விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லி, மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார். இதே தொழிலில் இருக்கும் தோழி ஒருத்தியும் என்னுடன் தங்கியிருக்கிறாள். எட்டுப் பேர் சேர்ந்து சங்கம் தொடங்க நினைக்கிறோம். பெயரைப் பதிந்தால் நாங்களே போலீசுக்குப் பட்டியல் கொடுத்ததாகிவிடாதா?

பதில்: சகோதரி, சங்கத்துக்கு முன் தோழி விஷயத்தைப் பேசிவிடுவோம். உங்களுக்கு உடனடி ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒரு பெண் தன் விருப்பத்தோடு தனியாக இத்தொழில் செய்வதை 1956-ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. அதைச் சுற்றியுள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் குற்றமாக்கி வைத்திருக்கிறது. இருவர் தங்கள் ஆதாயத்துக்காக ஒரே வீட்டில் தொழில் செய்தால் அந்த வீடு விபசார விடுதி. பாதுகாப்புக்காகச் சேர்ந்து வாழும் பெண்களைத் தண்டிக்கும் இந்த விளக்கம் அநியாயம் என்பது என் கருத்து. ஆனாலும் இன்று சட்டம் அதுதான். கோயில், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வதும் குற்றம். அந்தத் தூரத்துக்குள் ஒரு பிள்ளையார் கோயில்கூட இல்லாத லைன் வீட்டைத் திருப்பூரில் காட்டச் சொன்னால் நான் திணறிவிடுவேன்.

வீட்டுக்காரரின் பயமும் வெறும் பயம் அல்ல. தெரிந்தே விபசார விடுதிக்கு வாடகைக்கு விட்டால் அவர் மீதும் வழக்கு வரும். ஆனால் மின்சாரத்தை நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்றவும் முடியாது. அதே சட்டத்தில், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதைக் காரணம் காட்டி அந்த உத்தரவை அவர் கேட்கவும் வழி இருக்கிறது. ஆகவே வழக்கை இழுப்பதைவிட, எழுத்து மூலம் அவகாசமும் அட்வான்சும் வாங்கிக்கொண்டு மாறுவது மேல்.

சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவு தரும் உரிமை. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் துர்பார் அமைப்பு 1995 முதல் இயங்குகிறது. உறுப்பினர் எல்லாரும் இத்தொழில் செய்பவர்களாக இருக்க வேண்டும் என்று விதி கிடையாது; நம்பிக்கையான ஆசிரியை, சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது பதிவேட்டில் உள்ள பெயரை வைத்து யாரையும் அடையாளம் காட்ட முடியாது. அலுவலக முகவரியாக உங்களில் ஒருவர் வீட்டையும் கொடுக்காதீர்கள். சந்தா எல்லாருக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும். வருமானத்தில் பங்கு என்று வாங்கினால், பிறர் தொழில் வருமானத்தில் வாழ்வதைத் தண்டிக்கும், 1956 சட்டத்தின் 4-ஆம் பிரிவை யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள்.

போலீஸ் வந்தால் 19.5.2022 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு கைகொடுக்கும். உங்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும். ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியமாக்கக் கூடாது. ஊடகங்கள் உங்கள் படத்தையோ பெயரையோ வெளியிடக் கூடாது. வாரன்ட் இல்லாமல் சோதனைக்கு வரும் அதிகாரியுடன் குறைந்தது இரண்டு பெண் போலீசாராவது இருக்க வேண்டும் என்பது 1956 சட்டத்திலேயே இருக்கிறது.

பெண் என்பதால் வருமான வரம்பின்றி உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 எண்ணை அழையுங்கள். வாடகை ரசீதுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.